புது வண்டிக்கு எங்கே இடம்?



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். பத்துப் பேர் கூடி, நேர அட்டவணைப்படி ஓட்டுகிற ஒரு மாதிரி ரயில்பாதையில் புதிதாக ஒரு வண்டியை எப்படிச் சேர்ப்பது? எஞ்சினை வாங்கித் தண்டவாளத்தில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். வீட்டில் தனியாக ஓட்டுகிறவருக்கு அது போதும். பலர் சேர்ந்து ஓட்டுகிற இடத்தில் போதாது. அங்கே புது வண்டி ஒவ்வொன்றும் மற்ற வண்டிகளின் நேரத்தில் ஒரு பங்கு கேட்கிறது. அந்த வண்டிகளை ஓட்ட வந்திருக்கிற மனிதர்களின் மாலைப்பொழுதிலும் ஒரு பங்கு கேட்கிறது. அந்தப் பங்கை முறைப்படி கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

பலர் கூடி நேர அட்டவணைப்படி ஓட்டும் இந்த வழக்கம் வேர்விட்ட இடம் அமெரிக்கா. அங்கே பல வீடுகளில் தரைக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கும். ஒரு மனிதர் பத்து, இருபது ஆண்டுகள் உழைத்து அந்த நிலவறை முழுக்கத் தண்டவாளம் போட்டு, மலையும் ஊரும் நிலக்கரிச் சுரங்கமும் அமைத்துவிடுவார். 1934-இல் மில்வாக்கி நகரில் அல் கால்ம்பாக் ‘மாடல் ரெயில்ரோடர்’ பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதே நகரில் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் பிறந்தது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் அந்தச் சங்கம் வகுத்த அளவுகள்தான், ஒருவர் வீட்டு வேகன் இன்னொருவர் வீட்டுப் பாதையில் ஓடுவதைச் சாத்தியமாக்கின.

அளவு பொருந்தியது. ஆனால் கூடி ஓட்டுவது எதற்காக? அதற்குத் தெளிவாக விடை சொன்னவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஃபிராங்க் எலிசன். தன் ‘டெல்டா லைன்ஸ்’ பாதையை முன்வைத்து 1944-இல் அவர் அந்தப் பத்திரிகையில் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். மாதிரிப் பாதை ஒரு நாடக மேடை, வண்டிகள் நடிகர்கள், நேர அட்டவணைதான் நாடகப் பிரதி என்பது அவருடைய பார்வை. வட்டமடித்துச் சுற்றும் வண்டிக்கு எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லை. எலிசனின் வண்டிகளுக்கு இருந்தது. ஒரு வேகன் ஓர் ஊரில் சரக்கு ஏற்றிக்கொண்டு இன்னோர் ஊர்த் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டும்; அதை இழுத்துவரும் கூட்ஸ் வண்டி, எதிரே வரும் பாசஞ்சருக்கு வழிவிட வேண்டும். நான் பேசும் சிக்கல் முழுவதும் இந்த ‘வழிவிட வேண்டும்’ என்பதில்தான் இருக்கிறது.

இப்படிக் கூடி ஓட்டும் அமர்வு நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் பத்துப் பன்னிரண்டு பேரை அழைக்கிறார். ஒருவர் டிஸ்பேட்சர், நம் ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலர் பார்க்கிற வேலை அவருடையது. பெரும்பாலும் அவர் பாதையே கண்ணில் படாத வேறு அறையில், தொலைபேசியோடு உட்கார்ந்திருப்பார். ஒருவர், யார்டில் வேகன்களைப் பிரித்து வண்டிகளாக அடுக்கும் யார்டு மாஸ்டர். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக டிரைவரும் கண்டக்டரும். கண்டக்டர் என்றால் நம்மூரில் கார்டு என்று சொல்லிவந்த ஊழியர். சுவரில் வேகமாக ஓடும் கடிகாரம் ஒன்று இருக்கும். நான்கு மடங்கு வேகத்தில் ஓடினால், நம் மூன்று மணி நேரத்தில் அங்கே பன்னிரண்டு மணி நேரம் கழிந்துவிடும். வண்டி ஓட்டும் குழுவினர் கையில் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்துக்கொண்டு, தம் வண்டியோடு கூடவே நடந்து போவார்கள். இப்படிப் பாதி நாள் போவது தெரியாமல் போகும்.

இனி விதிகளுக்கு வருகிறேன். நம் ஊரில் ஒற்றைப் பாதையில் ஓடிய வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு டோக்கன் வளையம் நினைவிருக்கும். ஸ்டேஷன் ஊழியர் வளையத்தை நீட்ட, ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான பாதையில் நுழைய முடியாது. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரே டோக்கன் என்பதால் எதிரெதிரே இரண்டு வண்டிகள் நுழையும் பேச்சே இல்லை. அமெரிக்காவின் நீண்ட ஒற்றைப் பாதைகள் பலவற்றில் இப்படி எதுவும் இருந்ததில்லை. அச்சிட்ட நேர அட்டவணை, சட்டைப் பையில் கடிகாரம், அவ்வப்போது தந்தியில் வரும் உத்தரவு ஆகியவற்றை நம்பித்தான் ஓட்டினார்கள். தந்தி உத்தரவுக்கு ஒரு பிறந்த கதை உண்டு. 1851-இல் ஈரி ரயில்வேயின் மேலாளர் சார்ல்ஸ் மைனட், நியூயார்க் மாநிலத்து டர்னர் ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காகக் காத்திருந்தார். காத்திருந்து அலுத்து, பாதையில் முன்னே இருந்த ஒரு ஸ்டேஷனுக்குத் தந்தி கொடுத்து அந்த வண்டியை அங்கேயே நிறுத்தச் சொன்னார். டிரைவர் பயந்துபோய் எஞ்சினை நகர்த்த மறுத்தார். மைனட் தாமே ஏறி ஓட்டிப் போனார். அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக அந்த முறை அமெரிக்காவை ஆண்டது.

அந்த முறையில் வண்டிகளுக்குள் மேல், கீழ் உண்டு. முதல் வகுப்பு வண்டி இரண்டாம் வகுப்பைவிட உயர்ந்தது. ஒரே வகுப்பு என்றால் திசையைப் பார்ப்பார்கள். பல ரயில்வேக்களில் கிழக்கே போவது உயர்ந்ததாக இருந்தது. அட்டவணையில் இல்லாத வண்டி ‘எக்ஸ்ட்ரா’. அது எஞ்சினின் முன்பக்கம் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு, அட்டவணை வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒதுங்கி வழிவிட்டுப் போகும். தாழ்ந்த வண்டியின் டிரைவரை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். உயர்ந்த வண்டி எப்போது வரும் என்று அட்டவணையைப் பார்த்து, குறித்த நேரத்துக்கு முன்பே ஸ்டேஷனின் பக்கத் தடமான லூப் லைனில் ஒதுங்கிக்கொள்வது அவர் பொறுப்பு.

இதில் ஒரு விதியைக் கவனியுங்கள். அட்டவணையில் அச்சான வண்டி தாமதமானாலும் அதன் உரிமை உடனே போய்விடாது. 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால்தான் அது தன் அட்டவணையையும் உரிமையையும் இழக்கும். அதுவரை டிஸ்பேட்சர் உத்தரவு போட்டு ரத்து செய்யவில்லை என்றால், அந்த வண்டி இருப்பதாகவே எல்லோரும் கருத வேண்டும். இதே விதிகளைப் பின்பற்றும் மாதிரிப் பாதையில் இதன் விளைவைப் பாருங்கள். நீங்கள் ஆசையாக ஒரு புது எக்ஸ்பிரஸைச் சேர்த்து, 7-ஆம் எண் வண்டி என்று அட்டவணையில் அச்சிட்டுவிடுகிறீர்கள். அமர்வு நாளில் அதை ஓட்ட வேண்டியவர் வரவில்லை. அல்லது எஞ்சின் சண்டித்தனம் செய்கிறது. வண்டி எங்கோ மறைவில் நிற்கிறது. ஆனால் அதன் எதிரே போக வேண்டிய கூட்ஸ் வண்டிகள் லூப் லைன்களில் ஒதுங்கி, வராத வண்டிக்காகக் காத்து நிற்கின்றன. டிஸ்பேட்சர் ரத்து உத்தரவை எழுதி, ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லி, அவர்கள் அதைத் திருப்பி வாசித்துக் காட்டும் வரை பாதை உறைந்து கிடக்கும். கண்ணுக்கே தெரியாத ஒரு வண்டி பத்துப் பேரின் மாலையைத் தின்றுவிடும்.

அதனால்தான் சொல்கிறேன்: புது வண்டி எதுவும் எடுத்த எடுப்பில் அட்டவணைக்குள் போகக் கூடாது. அது எக்ஸ்ட்ராவாக, வெள்ளைக் கொடியோடு, எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டு தன் முதல் காலத்தைக் கழிக்க வேண்டும். எக்ஸ்ட்ரா ஓடாமல் போனால் யாரும் காத்திருக்கத் தேவையில்லை. இன்னொரு வழியும் உண்டு. ஏற்கெனவே உள்ள அட்டவணை வண்டியின் இரண்டாம் பகுதியாக அதை ஓட்டலாம். முதல் பகுதியின் எஞ்சினில் பச்சைக் கொடி கட்டினால், ‘என் பின்னால் இன்னொன்று வருகிறது, அதற்கும் என் உரிமை உண்டு’ என்று பொருள். எதிரே நிற்கும் குழு அந்தப் பச்சையைக் கவனிக்காமல் கிளம்பிவிட்டால் நடுவழியில் முகத்துக்கு முகம் சந்திக்க நேரும். பழகிய குழுவுக்கு இது அருமையான சவால். புதியவர்கள் நிறைந்த அமர்வில் வேண்டவே வேண்டாம்.

அடுத்து கிராஸிங் கணக்கு. ‘கிராஸிங்குக்காக நிற்கிறது’ என்று எத்தனை தடவை நாமே சொல்லியிருப்போம்! கிழக்கே போக 4 வண்டி, மேற்கே போக 4 வண்டி, எல்லாமே ஒன்றையொன்று வழியில் கடக்க நேர்கிறது என்று வையுங்கள். மொத்தம் 16 கிராஸிங். இரு திசையிலும் ஒவ்வொரு வண்டி கூட்டுங்கள். வண்டிகள் 8-இலிருந்து 10 ஆகின்றன; கால்பங்குதான் கூடியது. கிராஸிங் 16-இலிருந்து 25 ஆகிறது. பாதிக்கு மேல் கூடிவிட்டது. நிஜத்தில் சில வண்டிகள் சில வண்டிகளைச் சந்திக்காமலே முடிந்துவிடும் என்பதால் கணக்கு இவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனாலும் போக்கு இதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாதை ஒரே ஒரு வண்டி கூட்டியதும் ஏன் அடைத்துக்கொள்கிறது என்று பலர் வியக்கிறார்கள். அந்த ஒரு வண்டி தனக்காக மட்டும் இடம் கேட்கவில்லை. எதிரே வரும் ஒவ்வொரு வண்டியையும் ஒரு தடவை நிறுத்தி வைக்கிறது.

இதைக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். குறுக்கே நேரம், நெடுக்கே ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாரிஸ்–லியோன் பாதைக்கு இத்தகைய வரைபடம் போட்டுவிட்டார்கள். நம் கன்ட்ரோல் அலுவலகங்களின் சார்ட்டும் அதே வகைதான். புது வண்டிக்கு ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். அது எந்தெந்தக் கோடுகளை வெட்டுகிறது, எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். வெட்டும் இடம் லூப் லைன் உள்ள ஸ்டேஷனில் விழுந்தால் நல்லது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே விழுந்தால் ஒரு வண்டி முன்னாலோ பின்னாலோ காத்துக் கிடக்க வேண்டும். கோட்டை நகர்த்துங்கள், இருபது நிமிடம் தள்ளிப் புறப்பட்டால் மூன்று கிராஸிங் ஒழுங்காக விழக்கூடும். ஒரு மாலை நேரமும் ஒரு ரப்பரும் இருந்தால் போதும். எஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் இதற்குச் செலவே இல்லை. ஆனாலும் எஞ்சினை வாங்கிய பிறகுதான் பெரும்பாலோர் கோடு போட உட்காருகிறார்கள்.

லூப் லைனின் நீளத்தையும் அப்போதே அளந்துவிட வேண்டும். அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவில் எல்லாம் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. 40 அடி மூடு வேகன் ஐந்தரை அங்குலம் வரும். கொக்கிகளையும் சேர்த்தால் 6 அங்குலம். 20 வேகன் என்றால் 10 அடி. முன்னால் இரண்டு எஞ்சின், பின்னால் கண்டக்டரின் கபூஸ் பெட்டி. ஆக 12 அடி வந்துவிடும். உங்கள் பாதையில் இருக்கும் லூப் 10 அடியா? அப்படியானால் அந்த வண்டி எந்த ஸ்டேஷனிலும் முழுதாக ஒதுங்க முடியாது. எதிரே வருவது குட்டையான வண்டி என்றால் அதை ஒதுக்கிச் சமாளிக்கலாம். இரண்டுமே நீளம் என்றால் பாதி பாதியாக முன்னும் பின்னும் இழுத்து நகர்த்திக் கடக்க வேண்டும். நிஜ ரயில்வேயிலும் இதைச் செய்திருக்கிறார்கள், வேறு வழியில்லாதபோது. ஒவ்வொரு அமர்விலும் அதைச் செய்யச் சொல்வது நண்பர்களுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. வண்டியைக் குறையுங்கள். 14 வேகனோடு தடையில்லாமல் போகிற வண்டி, பார்க்கவும் ஓட்டவும் நிறைவாக இருக்கும்.

மலைப்பாதை என்றால் கணக்கு இன்னும் மாறும். கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கும் மொஹாவிக்கும் இடையே டெஹாச்சப்பி மலைப்பாதை இருக்கிறது. 1876-இல் கட்டிய அதன் வளையத்தில் பாதை தன்னையே சுற்றிக்கொண்டு 77 அடி ஏறும். நீளமான வண்டியின் முன்பகுதி மேலேயும் பின்பகுதி நேர் கீழேயும் ஒரே நேரத்தில் போவதைப் பார்க்கலாம். சான் டியேகோ நகரின் பல்போவா பூங்காவில் உள்ள மாதிரி ரயில் அருங்காட்சியகத்தில், லா மெசா கழகத்தார் இந்த மலைப்பாதையை எச்.ஓ. அளவில் கட்டி, 1950-களின் முறைப்படி உத்தரவு எழுதி ஓட்டுகிறார்கள். அத்தகைய பாதையில் கனமான கூட்ஸ் வண்டி ஒன்றைச் சேர்த்தால் அது தனியாக ஏறாது. நடுவிலோ பின்னாலோ துணை எஞ்சின் வேண்டும். செங்கோட்டை–புனலூர் மலையில் பேங்கர் எஞ்சின் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலே ஏறியதும் அந்தத் துணை எஞ்சின் கழன்று, அதே ஒற்றைப் பாதையில் திரும்ப இறங்க வேண்டும். அதற்கும் உத்தரவு வேண்டும், ஆள் வேண்டும், எதிரே ஏறிவரும் வண்டிகளோடு கிராஸிங் வேண்டும். சேர்த்தது ஒரு வண்டி என்று நினைப்போம்; பாதை இரண்டாக எண்ணிக்கொள்ளும்.

வண்டி ஓடாத நேரத்தில் எங்கே இருக்கும் என்பதும் பெரிய கேள்வி. ஓஹியோ மாநிலத்து டேட்டன் நகரில் ஆலன் மெக்லெலண்ட், ‘வர்ஜீனியன் அண்ட் ஓஹியோ’ என்ற பெயரில் தானே கற்பனை செய்த ஓர் அப்பலேச்சிய நிலக்கரி ரயில்வேயைக் கட்டினார். நிலவறையில் தெரிவது அந்த ரயில்வேயின் ஒரு துண்டுதான், மிச்ச நாடு நிலவறைக்கு அப்பால் இருக்கிறது என்பது அவர் கொண்டுவந்த சிந்தனை. கண்ணுக்குத் தெரியாத மறைவு யார்டிலிருந்து வண்டி புறப்படும். அந்த யார்டுதான் தொலைதூர நகரங்கள் அத்தனைக்கும் பிரதிநிதி. ஊர்களின் வழியே வந்து, மறுமுனையில் உள்ள இன்னொரு மறைவு யார்டில் மறைந்துவிடும். இன்று நடக்கும் இயக்க அமர்வுகள் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சிந்தனைதான் அடித்தளம்.

மறைவு யார்டில் ஆறு தடம் இருந்தால் ஆறு வண்டி நிற்கும். ஏழாவதைச் சேர்க்கிறேன் என்றால், ஒரு வண்டி கிளம்பிப் போன பிறகுதான் அந்தத் தடத்தில் இன்னொன்று வந்து நிற்க முடியும். அந்த வரிசை தவறினால் வந்த வண்டி வாசலிலேயே நின்று பிரதானப் பாதையை அடைக்கும். இல்லையென்றால் ஒருவர் மறைவில் உட்கார்ந்து, வந்த வண்டியைக் கலைத்துப் புது வண்டியாக அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பீட்டர் டென்னி என்ற பாதிரியார், தம் பக்கிங்ஹாம் பாதையில் அந்த வேலையைச் செய்துவந்த மகன் கிறிஸ்பினுக்குப் பதிலாக ஓர் இயந்திரத்தையே உருவாக்கினார். அதற்கு ‘தானியங்கி கிறிஸ்பின்’ என்றே பெயர் வைத்தார். மறைவில் இருப்பவரின் உழைப்பு எவ்வளவு என்பதை அந்த ஒரு இயந்திரமே சொல்லும். புது வண்டி கேட்கிறவர் அந்த மனிதரிடம் போய் முதலில் பேச வேண்டும்.

யார்டு மாஸ்டரிடமும் பேச வேண்டும். டக் ஸ்மித் என்பவர் 1961-இல் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழில் விளக்கிய அட்டை முறைதான் இன்று மிகப் பரவலானது. ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. அதன் பையில் செருகிய வேபில் சீட்டு, வேகன் எந்த ஊருக்கு, எந்தத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்று சொல்லும். அமர்வுக்கு அமர்வு சீட்டைத் திருப்பி வைத்தால் வேகனுக்கு அடுத்த வேலை கிடைத்துவிடும். 14 வேகனோடு ஒரு கூட்ஸ் வண்டி சேர்த்தால் 14 அட்டையும் சேர்கிறது. அந்த வேகன்கள் யார்டுக்குள் வந்து பிரிபட வேண்டும். யார்டு பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரம்பினாலே ஷண்டிங் திணறும். முழுதாக நிரம்பினால் ஒரு வேகனை எடுக்க ஐந்து வேகனை நகர்த்த வேண்டும். அப்புறம் பிரதானப் பாதையில் எல்லா வண்டிகளும் யார்டுக்கு வெளியே வரிசை கட்டும். யார்டைத் தொடாமல் கடந்து போகும் வண்டியைச் சேர்ப்பது இதனால்தான் எளிது. வேகனைக் கூட்டாமலே வேபில்களை மட்டும் மாற்றி இருக்கிற வேகன்களுக்குப் புது வேலை கொடுப்பது அதைவிட எளிது; எனக்குப் பிடித்த வழியும் அதுவே.

வண்டியின் உடல்நிலைச் சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கர இடைவெளியைத் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் அளவுத் தகட்டால் பார்க்க வேண்டும். கொக்கிகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். எச்.ஓ. வேகனின் எடை, அடிப்படை 1 அவுன்ஸோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் என்பது சங்கத்தின் பரிந்துரை; 6 அங்குல வேகன் 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினையும் தனி முகவரியால் இயக்கும் டி.சி.சி. முறையில் எஞ்சினுக்கு யாரும் எடுக்காத முகவரி கொடுத்து, கூட இழுக்கும் எஞ்சினோடு வேகத்தை ஒத்துப்போகச் செய்ய வேண்டும். அமர்வு இல்லாத நாளில், முழு நீள வண்டியாக, எல்லா லூப்புகளிலும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தடம் புரளும் வண்டியை அமர்வுக்குக் கொண்டுவரக் கூடாது. இதில் சமரசம் இல்லை.

எந்த வண்டியைச் சேர்ப்பது என்பதற்கு வருவோம். இங்கேதான் ரசனையும் நியாயமும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அழகான எஞ்சின் என்பது காரணமாகாது. அந்த வண்டி எங்கிருந்து வருகிறது, யாருக்காக, எந்தக் காலத்தில் என்று சொல்ல முடிய வேண்டும். கலிஃபோர்னியாவின் பழங்களும் காய்களும் பனிக்கட்டி நிரப்பிய வேகன்களில் கிழக்கே போயின. பனி உருகுவதற்குள் அடுத்த பனி நிரப்பும் மேடைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வண்டிக்கு அவசரம் இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆடுமாடு ஏற்றிய வண்டி இன்னும் சுவையானது. அமெரிக்கச் சட்டப்படி கால்நடைகளை 28 மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே அடைத்து வைக்கக் கூடாது. இறக்கி, தீனியும் தண்ணீரும் ஓய்வும் கொடுக்க வேண்டும். உரிமையாளர் எழுதிக் கேட்டால் 36 மணி வரை நீட்டலாம். இப்போதைய வடிவில் அந்தச் சட்டம் 1906-இலிருந்து இருக்கிறது. உங்கள் பாதையில் ஓர் ஊரில் பட்டி கட்டி, 26 மணி நேரம் ஏற்கெனவே கழிந்துவிட்ட, மாடுகள் ஏற்றிய ஒரு வண்டியை எக்ஸ்ட்ராவாக அனுப்பிப் பாருங்கள். டிஸ்பேட்சர் யோசிப்பார்: எக்ஸ்பிரஸுக்கு ஒதுங்க வைத்தால் மாடுகளுக்கு நேரம் போய்விடும், இதை முன்னால் விட்டால் எக்ஸ்பிரஸ் தாமதமாகும். ஆறு பழைய மாட்டு வேகன்கள் அறை முழுவதையும் பேச வைத்துவிடும். பளபளக்கும் எக்ஸ்பிரஸ் ஒன்று மறைவிலிருந்து மறைவுக்குப் பத்து நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். எல்லோரும் ஒரு தடவை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

விரும்பிய வண்டியைச் சேர்க்கும் இந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் கிடையாது. மெக்லெலண்டின் நண்பரும் எழுத்தாளருமான டோனி கோஸ்டர் முதலில் தம் கற்பனை ரயில்வேயான ‘அலெகெனி மிட்லண்ட்’ பாதையை ஓட்டினார். பிறகு அதைக் கலைத்துவிட்டு, நிக்கல் பிளேட் ரயில்வேயின் செயின்ட் லூயிஸ் பாதையை 1954-இல் இருந்தபடியே கட்டினார். நிஜ ஆண்டையும் நிஜ ஊர்களையும் எடுத்துக்கொண்டால் அட்டவணை நம் கையில் இல்லை. அந்த ஆண்டில் ஓடிய வண்டிதான் ஓட முடியும். ஆனால் எக்ஸ்ட்ராக்கள் இருக்கின்றன. அறுவடை முடிந்து தானியம் குவியும் மாதம், சர்க்கஸ் வந்து போகும் வாரம், எதிர்பாராமல் வேறு பாதையிலிருந்து திருப்பிவிட்ட வண்டி என்று வரலாறே இடம் விட்டு வைத்திருக்கிறது. புது வண்டிக்குக் காரணம் தேடிப் பழைய அட்டவணைகளையும் ஊழியர் இதழ்களையும் புரட்டுகிற அந்த வேலை, இந்தக் கலையின் மிகச் சிறந்த பகுதி என்பது என் எண்ணம்.

கடைசியாக மனிதர்கள். வேகக் கடிகாரத்தில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. மணிக்கு 40 மைல் வேகத்தில் ஓடும் எச்.ஓ. வண்டி, 30 அடி தள்ளியுள்ள அடுத்த ஸ்டேஷனுக்கு முக்கால் நிமிடத்தில் போய்விடும்; நான்கு மடங்கு கடிகாரத்தில் அது 3 நிமிடம். ஆனால் ஊருக்கு ஊர் நின்று வேகன் பிரித்துப் போடும் லோக்கல் கூட்ஸ், ஓர் ஊரில் கால் மணி நேரம் ஷண்டிங் செய்தால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். கடிகாரத்தை ஆறு மடங்காக்கினால் ஒன்றரை மணி நேரம். மனிதக் கைகளின் வேகத்தைக் கடிகாரம் பெருக்காது. அமர்வில் உண்மையான நிறைவு கிடைப்பது இந்த லோக்கலை ஓட்டுகிறவருக்குத்தான். அவர் ஊரில் வேலை செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு வண்டியும் அவரைப் பிரதானப் பாதையிலிருந்து துரத்தி ஒதுக்குகிறது. மூன்று தடவை ஒதுங்கினால் அவர் வேலையை முடிக்காமலே அமர்வு முடிந்துவிடும். அவர் வெளியே சொல்ல மாட்டார். அடுத்த அமர்வுக்கு வராமல் இருந்துவிடுவார். ஆட்கள் அதிகம், வேலை குறைவு, பலர் சும்மா நிற்கிறார்கள் என்றால் வண்டி சேருங்கள், அதுவும் வேலை உள்ள வண்டியாக. ஆட்கள் எல்லோரும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்றால் உங்கள் புது எஞ்சின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும், அல்லது ஏற்கெனவே ஓடும் வண்டியின் எஞ்சினுக்கு அன்று ஒருநாள் ஓய்வு கொடுங்கள். எஞ்சின் மாறலாம், வண்டி கூட வேண்டியதில்லை.

எக்ஸ்ட்ராவாகச் சில அமர்வுகள் ஓடிய பிறகு, டிஸ்பேட்சர் தன் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வண்டி எங்கெங்கே நின்றது, யாரை நிறுத்தியது என்று குழுவிடம் கேட்க வேண்டும். யார்டு மாஸ்டர், மறைவில் இருப்பவர், லோக்கல் ஓட்டியவர் ஆகிய மூன்று பேரும் சரி என்றால் மட்டும் அட்டவணையில் எண் கொடுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அது எக்ஸ்ட்ராவாகவே இருக்கட்டும்.

நம் ஊரில் நிலவறை கிடையாது, அறைகள் சிறியவை, இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களும் சிலரே. 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவில், மேசை மேல் துண்டு துண்டாக இணைக்கும் பாதைதான் நம்மில் பலருக்குச் சாத்தியம். அப்படிக் கட்டத் தொடங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். எஞ்சின் வாங்குவதற்கு முன், உங்கள் மிக நீளமான வண்டி எவ்வளவு என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதைவிட ஒரு வேகன் கூடுதல் நீளத்தில் லூப் லைன் போடுங்கள். மறைவு யார்டில் ஒரு தடத்தைக் காலியாக விட்டு வையுங்கள். அட்டவணையை அச்சிடும்போது எக்ஸ்ட்ராக்களுக்கு நேரம் மிச்சம் இருக்கும்படி கோடு போடுங்கள். இவை எல்லாம் இருந்தால், நாளைக்கு ஒரு நண்பர் தன் வண்டியோடு வாசலில் வந்து நிற்கும்போது, அவரை உள்ளே அழைத்து ஓட்டச் சொல்லலாம்.